சித்தியோடு சாபி ஆற்றங்கரை வரை

புதுச்சேரியில் ஒருவர் பாரிசுக்குப் போகிறேன் என்றால் யாரும் காரணம் கேட்பதில்லை. அங்கே மகன் இருப்பான், மச்சான் இருப்பான். இல்லாவிட்டால் ஓய்வூதியத் தாளில் போடவேண்டிய ஒரு கையெழுத்தாவது பாக்கி இருக்கும். தென்னாப்பிரிக்கா என்று நாங்கள் சொன்னபோதுதான் முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவே விசாரிக்க ஆரம்பித்தது. அங்கே யார் இருக்கிறார்கள்? என்ன வேலை? சிங்கம் பார்க்க வண்டலூர் போதாதா?

இதற்கெல்லாம் பதில் சொன்னவள் சித்திதான். "ஆப்பிரிக்கா என்ன எனக்குப் புதுசா? ஜிபுத்தியில குடித்தனம் பண்ணினவடி நான்" என்பாள். சித்தப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊர் வழக்கில் 'சொல்தா'. அவருடைய ஓய்வூதியத்தில் ஒரு பகுதி இன்றும் மாதாமாதம் சித்திக்கு வருகிறது. அவளுக்கு ஆங்கிலம் வராது. ஆனால் ராணுவக் குடியிருப்பில் கற்ற பிரெஞ்சில் கடைக்காரனிடம் சண்டையே போடுவாள். 2022 நவம்பர் 30 அன்று மணக்குள விநாயகர் கோயில் யானை லட்சுமி நடைப்பயிற்சியின்போது தெருவிலேயே சரிந்து இறந்தாள் அல்லவா, அன்றைய கூட்டத்தில் சித்தியும் நின்றாள். கட்டிப்போடாத யானையை ஒருமுறை பார்க்கவேண்டும் என்று அதற்குப் பிறகுதான் சொல்ல ஆரம்பித்தாள். 2023 செப்டம்பரில் எங்கள் வீட்டுக்காரரும் நானும் கிளம்பியபோது அவளும் கூட வந்தாள்.

தங்குமிடங்களைத் தேர்வு செய்தது நான். இந்த விஷயத்தில் எனக்கு அளவுகோல் எங்கள் ஊர் ஆசிரம விருந்தினர் இல்லங்கள். ஒவ்வோர் அறையிலிருந்தும் கடல் தெரியும் பார்க் கெஸ்ட் ஹவுஸ் மாதிரி இருந்தால் போதும்: துவைத்த விரிப்பு, நல்ல ஜன்னல், டிவி வேண்டாம், இரவு பத்தரைக்குக் கதவைச் சாத்தினாலும் எனக்குக் குறையில்லை. இதோடு அந்தப் பயணத்துக்கென்று ஒரு நிபந்தனையைச் சேர்த்துக்கொண்டேன். சமையலறை வேண்டும். நடுவில் புரட்டாசி பிறக்கிறது, சித்தி கவிச்சி தொடமாட்டாள். தென்னாப்பிரிக்காவில் இதில் சிரமமே இல்லை. 'செல்ஃப் கேட்டரிங்' என்று போட்ட வீடுகளும் குடில்களும் ஊருக்கு ஊர் உண்டு. கேஸ் அடுப்பா, கரண்ட் அடுப்பா என்று மட்டும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். அந்த ஆண்டு அங்கே மின்வெட்டு உச்சத்தில் இருந்தது. எந்தப் பகுதிக்கு எத்தனை மணிக்குப் போகும், எத்தனை மணிக்கு வரும் என்று கைபேசிச் செயலி சொல்லிவிடும். சொன்ன நேரத்துக்குப் போகவும் செய்யும். நம் ஊர் மின்வெட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த ஒழுங்கே ஒரு வேடிக்கை.

முதலில் கேப் டவுன். மேசை மலை அடிவாரத்தில் கார்டன்ஸ் என்ற பகுதியில் மாடிவீடு ஒன்றின் பின்கட்டு எங்களுக்குக் கிடைத்தது. மலைமேல் போகும் கம்பிவண்டி காற்று பலமாக இருந்ததால் ஓடவில்லை; மறுநாளும் ஓடவில்லை. ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரமுள்ள அந்த மலையை, உச்சியில் மேகம் வழிந்து இறங்குவதை, சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்ததே போதுமென்று விட்டோம். மலையைத் தூரத்திலிருந்து பார்ப்பதுதான் அழகு என்பது என் கட்சி. அவர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

நடந்து போகும் தூரத்தில் கம்பெனித் தோட்டம். 1652-இல் கப்பல்களுக்குக் காய்கறி பயிரிட டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி போட்ட தோட்டம் அது. அந்தக் காலத்ததென்று சொல்லப்படும் பேரிக்காய் மரம் ஒன்று முட்டுக்கொடுத்த நிலையில் இன்னும் நிற்கிறது. தோட்டத்தின் மறுகோடியில் 1679-இல் கம்பெனி கட்டிய அடிமைகள் விடுதி. இப்போது அருங்காட்சியகம். மடகாஸ்கர், மொசாம்பிக், ஜாவா பக்கத்துத் தீவுகள் என்று எங்கிருந்தெல்லாமோ பிடித்தும் வாங்கியும் கொண்டுவந்தவர்களை அடைத்துவைத்த இடம். அந்தப் பட்டியலில் வங்காளமும் மலபாரும் இருந்தன; நம் சோழமண்டலக் கடற்கரையும் இருந்தது. பெற்றோர் வைத்த பெயரை எடுத்துவிட்டு ஏதோ ஒரு பெயரும், வந்த கரையின் பெயருமாகச் சேர்த்து ஏட்டில் எழுதிவிடுவார்களாம்.

நான் அங்கே நீண்ட நேரம் நின்றேன். 1693-இல் புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து பிடித்து, 1699-இல் திருப்பிக் கொடுக்கும்வரை வைத்திருந்தது இதே டச்சுக் கம்பெனிதான். பிரெஞ்சு நகர அமைப்பு என்று வெளியூர்க்காரர்களிடம் நாம் பெருமை பேசும் நேர்கோட்டுத் தெருக்கள் அவர்கள் போட்ட வரைபடத்தில் தொடங்கியவை. நேராகத் தெரு போடத் தெரிந்த அதே கை இந்த ஏட்டையும் எழுதியிருக்கிறது. கடற்கரைச் சாலையில் நடக்கும்போது இதெல்லாம் எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.

ராபன் தீவுக்கும் போனோம். முன்பு அங்கே கைதியாக இருந்தவரே சிறைக்குள் சுற்றிக் காட்டினார். மண்டேலா தம் 27 ஆண்டுச் சிறைவாசத்தில் 18 ஆண்டுகளைக் கழித்த அறை, ஒரு பாய் விரித்தால் நிறைந்துவிடும் அளவுதான். அதைப்பற்றி எழுதியவர்கள் ஏராளம். நான் புதிதாகச் சேர்க்க ஒன்றுமில்லை. பெங்குவின்களையும் பார்த்தோம். சித்திக்கு அவற்றின் நாற்றம் பிடிக்கவில்லை.

பிரான்ஷூக் எனக்கு முக்கியமான ஊர். கேப் டவுனிலிருந்து ஒன்றேகால் மணி நேரப் பயணம். மூன்று பக்கமும் மலை, நடுவில் திராட்சைத் தோட்டங்கள். பதினான்காம் லூயி 1685-இல் சீர்திருத்தக் கிறித்தவர்களுக்கு இருந்த உரிமையைப் பறித்ததும் பிரான்சைவிட்டு ஓடிய ஹ்யூகநோக்களில் ஏறத்தாழ 200 பேர் 1688-ஐ ஒட்டிக் கப்பலேறி இந்தப் பக்கம் வந்தார்கள். அதற்குமுன் இந்தப் பள்ளத்தாக்குக்கு 'யானை மூலை' என்ற பொருளில் டச்சுப் பெயர் இருந்தது. யானைகள் போயின, 'பிரெஞ்சு மூலை' ஆயிற்று. அங்கே ஒரு தோட்டத்துக் குடிலில் தங்கினோம். வெள்ளைச் சுவர், கூரைமுகப்பில் வளைவு, வாசலில் ரோஜா. தங்கிய வீடுகளில் அழகுப் போட்டி வைத்தால் இதற்குத்தான் பரிசு.

நான் புதுச்சேரியில் பல காலம் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்தவள். தெருவெல்லாம் லா மோத், ஷாமோனி என்று பலகை தொங்கினால் சும்மா இருக்க முடியுமா? காலை உணவு கொண்டுவந்த இளைஞரிடம் பிரெஞ்சில் இரண்டு வரி பேசினேன். அவர் மரியாதையாகச் சிரித்துவிட்டு, தமக்கு ஆஃப்ரிகான்ஸும் ஆங்கிலமும் தெரியும் என்றார். கடையில் கேட்டேன். தோட்டத்து அம்மாளிடம் கேட்டேன். அவருடைய குடும்பப் பெயரே பிரெஞ்சு. உச்சரிக்கும் முறை மட்டும் வேறாக இருந்தது. வந்தவர்களைத் தனித்தனியாகக் கூட்டம் சேரவிடாமல் டச்சுக் குடியானவர்களுக்கு இடையிடையே நிலம் கொடுத்துக் குடியமர்த்தியது கம்பெனி. பள்ளிக்கூடம் டச்சில் நடந்தது. ஓரிரு தலைமுறைக்குள் பிரெஞ்சு பேச்சிலிருந்து போய்விட்டது. இப்போது ஊர்க்கோடியில் மூன்று வளைவுகளோடு பெரிய நினைவுச்சின்னம் இருக்கிறது. பிரெஞ்சுத் தேசிய நாளில் மூவர்ணத் தோரணம் கட்டி விழா நடத்துகிறார்கள், மது ஊற்றுகிறார்கள். எங்கள் ஊரிலும் ஜூலை 14-க்கு வயதான சொல்தாக்கள் பதக்கம் குத்திக்கொண்டு நினைவுச்சின்னத்துக்கு வருகிறார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் எத்தனை பேர் என் வகுப்புக்கு விசாவுக்காக மட்டும் வந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். "இவங்களுக்கு பென்ஷன் உண்டா?" என்று கேட்டாள் சித்தி. இல்லை என்றேன். "அப்புறம் எதுக்குக் கொடி?"

அடுத்தது டர்பன். விமானத்தில் இரண்டு மணி நேரம். பெரியா மேட்டில் ஒரு தமிழ் அம்மாள் நடத்தும் விருந்தினர் வீடு. அவருடைய பாட்டனாரின் தகப்பனார் மதராசில் கப்பலேறி வந்தவர். 1860 நவம்பர் 16 அன்று 342 பேரோடு 'ட்ரூரோ' இங்கே கரைதட்டியதில் தொடங்கி, 1911-இல் நிறுத்தப்படும்வரை ஒன்றரை லட்சம் பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்கு வந்தார்கள். பெரும்பகுதி மதராஸ் துறைமுகம் வழியாக. அதே காலத்தில் எங்கள் புதுச்சேரியும் காரைக்காலும் சும்மா இருக்கவில்லை. 1848-இல் அடிமைமுறை ஒழிந்த ரெயூனியன் தீவின் கரும்புக்கு இங்கிருந்துதான் ஆள் போனது. எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள் என்பதைப் பொறுத்துப் பேரப்பிள்ளைகள் ஆங்கிலமோ பிரெஞ்சோ பேசுகிறார்கள்.

எங்கள் விடுதி அம்மாளுக்குத் தமிழ் என்றால் தேவாரத்தில் சில பாட்டுகள், சமையல் சாமான்களின் பெயர்கள், உறவுமுறைகள், அவ்வளவுதான். சித்திக்கு ஆங்கிலம் இல்லை. இரண்டு கிழவிகளும் எப்படிப் பேசப்போகிறார்கள் என்று நான் கவலைப்பட்டது வீண். முதல் நாள் காலையிலேயே சமையலறையில் ஒருத்தி 'புளி' என்பாள், மற்றவள் ஜாடியை எடுத்துக்கொடுப்பாள். அந்த அம்மாளும் புரட்டாசி விரதம். டர்பன் தமிழர் அந்த மாதத்தை நம்மைவிடக் கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள்; விரதத்துக்கென்று தனிப் பாத்திரங்கள் பரணிலிருந்து இறங்கியிருந்தன. ஆனால் அவர் போட்ட மசாலாவைப் பார்த்த சித்தி, "இது சாம்பாரா, மிளகாப்பொடி அபிஷேகமா?" என்றாள். நல்லவேளை, அந்தத் தமிழ் அவருக்குப் புரியவில்லை.

அந்த வீட்டில் எனக்குப் பிடித்தது முன்தாழ்வாரம். இறங்கிப்போகும் மேட்டுத்தெரு, தூரத்தில் துறைமுகம். ஒரு மாலை அங்கே உட்கார்ந்திருந்தபோது அந்த அம்மாள் சாதாரணமாகச் சொன்னார்: 1991 வரை இந்தத் தெருவில் அவர் வீடு வாங்கியிருந்தால் அது சட்டமீறல். 1950-இன் குடியிருப்புப் பகுதிச் சட்டப்படி யார் எந்தப் பகுதியில் வாழலாம் என்பதை இனம்தான் தீர்மானித்தது. கேட்டோ மேனரில் இருந்த அவருடைய பெற்றோரின் தகரவீட்டையும் வாழைத்தோட்டத்தையும் காலிசெய்யச் சொல்லிச் சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். இந்தியர்களுக்கென்றே கட்டிய புறநகர் அது. சட்டம் போனபிறகு ஆசிரியைச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வங்கிக் கடனும் வாங்கி, இந்த வீட்டை வாங்கியிருக்கிறார். விருந்தினர் ஏட்டில் எங்கள் பெயரை எழுதச் சொல்லும்போது ஊர்ப் பெயரை மட்டும் தமிழில் எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

பகலில் விக்டோரியா தெருச் சந்தைக்குப் போனோம். கோபுரம்போலக் குவித்த மசாலாக்களுக்கு 'மாமியார் ஒழிப்பான்' என்றெல்லாம் பெயர் எழுதிவைத்திருக்கிறார்கள். பக்கத்துக் கடையில் பன்னி சௌ. ரொட்டியைக் குடைந்து உள்ளே குழம்பு ஊற்றித் தருவது. முழு ரொட்டியில் கால் பங்கு போதுமென்றால் 'குவார்ட்டர்' என்று கேட்கவேண்டும். எங்கள் வீட்டுக்காரர் பாண்டிக்காரர்; கூச்சப்பட்டுக்கொண்டே ஒரு குவார்ட்டர் பீன்ஸ் கேட்டார். மவுண்ட் எட்ஜ்கோம்ப் கோயில்களைப் பார்க்கத் தவறக்கூடாது. நெடுஞ்சாலைக்கும் கோல்ஃப் மைதானத்துக்கும் நடுவே, ஒருகாலத்தில் கரும்பு மட்டுமே இருந்த மண்ணில், தோட்டத் தொழிலாளர்கள் எழுப்பியவை. இந்தப் பக்கத்தில் மாரியம்மனுக்கு ஈஸ்டர் சமயத்தில்தான் தீமிதி. தோட்டத்தில் விடுப்பு கிடைத்த நாள் அதுதான் என்பதால் அம்மனும் அந்த நாளுக்கு ஒத்துக்கொண்டாள்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்துக்கு ஒரு முற்பகல் போய்வந்தோம். சிவப்புச் செங்கல் கட்டடம். 1893 ஜூன் 7 இரவு காந்தியை முதல் வகுப்பிலிருந்து இறக்கிவிட்ட இடத்தில் ஒரு பலகை. ரயில் எதுவும் வரவில்லை. அந்த ஜூன் இரவின் குளிரைப்பற்றிக் காந்தி எழுதியதை வெயிலில் நின்று நினைப்பது அபத்தமாக இருந்தது, புறப்பட்டுவிட்டோம்.

வடக்கே செயின்ட் லூசியாவுக்குக் காரில் போனோம். ஓட்டுவது இடப்பக்கம்தான், ஆங்கிலத்தில் இருந்ததால் புதுச்சேரி ஓட்டுநர் உரிமமே செல்லுபடியாயிற்று. 1999-இல் உலகப் பாரம்பரியச் சின்னமான இசிமங்கலிசோ ஈரநிலத்தின் வாசலில் இருக்கும் சிற்றூர் இது. இரவில் நீர்யானைகள் கழிமுகத்திலிருந்து ஏறித் தெருவுக்குப் புல் மேய வருகின்றன. இதற்குப் போக்குவரத்துப் பலகையே உண்டு. இருட்டியபின் வெளியே வராதீர்கள் என்றார் தங்கிய வீட்டின் உரிமையாளர். சித்தி ஜன்னலைவிட்டு நகரவில்லை. நள்ளிரவில் பக்கத்துவீட்டுப் புல்தரையில் ஒன்று வந்து அறுப்பறுப்பாக மேய்ந்தது. அந்த வீட்டு நாய் வாயே திறக்கவில்லை.

இதுவரை போன இடங்களிலெல்லாம் ஏதோ ஒன்றில் நம் கரை தென்பட்டது. அடிமை ஏடு, தோட்டத்துக் கோயில், ரயில் நிலையப் பலகை. நல்லதுதான், அதற்காகத்தான் நான் போனேன் என்றுகூடச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனால் எங்கே தங்கியது மிகவும் பிடித்தது என்று யாராவது கேட்டால் நான் சொல்வது, நம்மைப்பற்றி எதுவுமே இல்லாத, குரூகர் பூங்காவின் லோயர் சாபி முகாமைத்தான்.

குரூகர் தேசியப் பூங்கா புதுச்சேரி ஒன்றியப் பகுதியைப்போல் நாற்பது மடங்கு பெரியது. ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர். 1926-இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். ஒட்டியுள்ள தனியார் லாட்ஜுகளில் ஓர் இரவுக்கு ஆகும் காசில் அரசு முகாமில் ஒரு வாரம் இருக்கலாம். லாட்ஜில் வழிகாட்டி கூட்டிப்போய்ச் சிங்கத்தைக் காட்டுவார். முகாமில் தங்கினால் நம் காரில் நாமே போய்த் தேடவேண்டும், பலமுறை ஏமாறவேண்டும். எனக்கு இரண்டாவதுதான் சரி. லோயர் சாபியில் சாபி ஆற்றைப் பார்த்தபடி, கம்பங்கள்மேல் மரத்தளம் போட்டு எழுப்பிய கூடாரங்கள் இருக்கின்றன. உள்ளே கட்டில், குளியலறை, சமையலறை வெளித்தாழ்வாரத்தில். குளிர்பெட்டிக்குக் கொக்கி போட்டிருக்கிறார்கள், குரங்குக்காக. கூடாரம் என்றதும் சித்தி முகம் சுளித்தாள். ஆற்றைப் பார்த்ததும் பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னாள்.

ஊரிலிருந்து கொண்டுபோன சின்னக் குக்கரில் அன்று பருப்பு வைத்தேன். முதல் விசில் அடித்ததும் பக்கத்துக் கூடாரத்துக்காரர் கையில் இடுக்கியோடு ஓடிவந்தார். இறைச்சி சுட்டுக்கொண்டிருந்த ஆஃப்ரிகானர் முதியவர். என்ன பிராணி என்று கேட்டார். குக்கரைக் காட்டினேன். பெயர் சொல்லிக் கைகுலுக்கினார், அதுவும் பிரான்ஷூக் பலகைகளில் பார்த்த பெயர். சித்தி உடனே "போன்ழூர் முஸ்யே" என்றாள். அவர் இன்னும் பலமாகச் சிரித்தார். ரசம் குடித்துவிட்டு, மறுநாள் எந்தத் தண்ணீர்க்குட்டையில் எத்தனை மணிக்கு நிற்கவேண்டும் என்று எங்கள் வரைபடத்தில் பென்சிலால் குறித்துக்கொடுத்தார். முகாம் வாசலுக்கு அருகிலேயே உள்ள சன்செட் அணைதான் அது. காரை நிறுத்திவிட்டுச் சும்மா இருக்கவேண்டும். நீர்யானைகளின் முதுகில் பறவைகள், கரையில் முதலைகள், நீர் குடிக்க வந்து வந்து தயங்கும் மான்கள். அங்கே ஒரு பகல் முழுவதும் போயிற்று. எங்கள் வீட்டுக்காரர்கூட மலையைப் பற்றிப் பேசவில்லை.

இந்தக் காடு தானாகவே ஆளில்லாமல் இருக்கிறது என்று நினைத்தால் தப்பு. வடகோடியில் பஃபூரியிலிருந்து மக்குலேகே மக்களை 1969-இல் கிளப்பிவிட்டுத்தான் வேலியை நீட்டினார்கள். 1998-இல் நிலம் அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது. காட்டைக் காடாகவே விட்டுவைத்து, சுற்றுலா வருமானத்தில் வாழ அவர்களே முடிவெடுத்தார்கள். அடுத்தமுறை வடக்கே போகவேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

அந்தப் பருவத்தில் மாலை ஆறு மணிக்கு முகாம் கதவு சாத்திவிடுவார்கள். தாமதமானால் அபராதம். தார்ச்சாலையில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகவும் கூடாது. ஸ்குகுசாவிலிருந்து ஆற்றோரச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்தோம். முகாமுக்குக் கொஞ்சதூரம் இருக்கையில் சாலையில் யானைக்கூட்டம். குட்டிகள் நடுவில், பெரிய பெண்யானை ஒன்று எங்களைப் பார்த்தபடி. மணி ஐந்தே முக்கால் நெருங்குகிறது. கையெடுத்துக் கும்பிடுவாள் என்று நான் எதிர்பார்த்த சித்தி, முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, ரிவர்ஸ் எடுங்க" என்றாள். எடுத்தார். யானை இரண்டடி வந்து காதை விரித்தது. மறுபடி எடுத்தார். அப்புறம் அதுவே சலித்துப்போய்ப் புதருக்குள் இறங்கியது. குட்டிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போயின. "லட்சுமிக்கு இந்தக் காது இல்ல" என்றாள் சித்தி, நெடுநேரம் கழித்து. கதவு சாத்த இரண்டு நிமிடம் இருக்கையில் உள்ளே நுழைந்தோம். காவலர் கடிகாரத்தைப் பார்த்து, எங்களைப் பார்த்து, "யானையா?" என்று மட்டும் கேட்டார்.

ஊர் திரும்பியதிலிருந்து வீட்டில் ஒரு தகராறு நடக்கிறது. அவருக்கு அடுத்த பயணம் விக்டோரியா அருவி. சித்திக்கு அருவி வேண்டாம். குற்றாலம் பார்த்தாயிற்று என்கிறாள். ஆற்றங்கரைக் கூடாரங்களை ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே பதிவுசெய்துவிடுகிறார்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "என் பென்ஷன் வந்ததும் போட்டுடு, வயசு கேட்டா கொஞ்சம் குறைச்சுச் சொல்லு" என்றாள். பதிவுப் படிவத்தில் வயது கேட்பதில்லை. பணத்தைக் கட்டிவிட்டேன், அவரிடம் இன்னும் சொல்லவில்லை.